அப்பாவின் அம்பாசடர்: செல்ஃப் அடிப்பதற்கு முன்

கேள்வி: அப்பா 1984-இல் புதிதாக வாங்கிய அம்பாசடர் மார்க் 4, பெட்ரோல் வண்டி, எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. 2020 மார்ச்சில் அவர் கடைசியாக ஓட்டியது. அப்புறம் உடம்புக்கு முடியவில்லை. இரண்டு வருடம் முன்பு இறந்துவிட்டார். நான் பள்ளி ஆசிரியை, சின்ன மாருதி ஓட்டிப் பழகியவள். இந்த வண்டியை நானே ஓட்ட வேண்டும் என்று ஆசை. உள்ளூர் ஒர்க்‌ஷாப்பில் வந்து பார்த்துவிட்டு, 'இன்ஜினுக்கு அடியில் ஆயில் கறை இருக்கிறது, போர் போட்டே ஆக வேண்டும். டிங்கரிங், பெயின்ட் எல்லாம் சேர்த்து இரண்டே முக்கால் லட்சம்' என்கிறார்கள். தம்பியோ, 'காயலாங்கடையில் போட்டால் நாற்பதாயிரம் வரும், தலைவலி விட்டது' என்கிறான். புது பேட்டரி மட்டும் போட்டு ஒருமுறை ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா? எத்தனால் கலந்த பெட்ரோல் இதற்கு ஒத்துவருமா? ஆர்.சி. இன்னும் அப்பா பெயரில்தான் இருக்கிறது. வண்டிக்குச் செய்த வேலைகளை எல்லாம் அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். சில பக்கங்களைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். இன்னொன்று, சிரிக்காதீர்கள். நாலைந்து நாள் எடுக்காமல் இருந்தால், அப்பா முதலில் பானெட்டைத் திறந்து உள்ளே எதையோ இரண்டு தடவை அமுக்கிவிட்டுத்தான் வண்டியில் ஏறுவார். அது என்ன?

வாசகி, புதுக்கோட்டை

பதில்:

அம்மணி (கோயம்புத்தூர்க்காரன் நான், இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்), பேட்டரி போட்டு ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்களே, அந்த ஒரு வரிக்காகத்தான் மற்ற கடிதங்களைத் தள்ளி வைத்துவிட்டு இதை எழுதுகிறேன். வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடிக்கும்வரை சாவியைத் தம்பி கண்ணில்கூடக் காட்டாதீர்கள்.

நான் வேலை பழகிய காலத்தில் நடந்தது. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் நாலு வருடம் நின்ற அம்பாசடர். மேஸ்திரி சாப்பிடப் போயிருந்தார். அவர் திரும்பி வரும்போது வண்டி ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற வீராப்பில் பேட்டரியை மாட்டி செல்ஃப் அடித்தேன். ஒரே சுற்று, 'டக்' என்று ஒரு சத்தம். ஒரு வால்வு துருப்பிடித்துத் தன் குழாய்க்குள்ளேயே இறுகிப் போயிருந்திருக்கிறது; அதைத் தள்ளிய கம்பி, புஷ்ராடு, வில்லாக வளைந்துவிட்டது. அரை நாளில் முடிய வேண்டிய வேலை, ஹெட்டை (இன்ஜினின் மேல்பாகத்தை) இறக்கி ஒரு வாரம் ஆனது. மேஸ்திரி திட்டவில்லை. அந்த வளைந்த புஷ்ராடை என் டூல் பெட்டியில் போட்டுவிட்டுப் போய்விட்டார். இன்னும் அங்கேதான் கிடக்கிறது.

ஓடுகிற வண்டி தேயும், அவ்வளவுதான். நிற்கிற வண்டிதான் கெடும். உங்கள் வண்டி நாற்பது வருடப் பழசு என்பதைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல் நின்றுவிட்டது என்பதுதான் கவலை. சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் படலம் என்றைக்கோ வழிந்து இறங்கியிருக்கும். பிஸ்டன் ரிங் இரும்போடு இரும்பாகத் தொட்டுக்கொண்டு நிற்கும். டேங்கில் மிச்சமிருந்த பெட்ரோல் ஆவியாகிப் பிசினாக உறைந்திருக்கும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருந்திருக்கும். இதையெல்லாம் பார்க்காமல் செல்ஃப் அடித்தால், ஐந்நூறு ரூபாயில் முடியவேண்டியது ஐம்பதாயிரத்தில் போய் நிற்கும்.

எப்படி எழுப்புவது என்று சொல்கிறேன். டிக்கியில் இரும்பு ஹேண்டில் ஒன்று கிடக்கிறதா என்று பாருங்கள். முன் பம்பர் வழியாக விட்டு இன்ஜினைக் கையால் சுற்றுவதற்கானது. அது இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கிராங்க் புல்லி நட்டில் ஸ்பேனர் போட்டுச் சுற்றலாம். நாலு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, ஒவ்வொரு துளையிலும் இரண்டு மூடி இன்ஜின் ஆயில் விட்டு, இரண்டு நாள் அப்படியே ஊறட்டும். மேலே டேப்பெட் கவரைத் திறந்து வால்வு ஸ்பிரிங்குகளின் மேலும் கொஞ்சம் ஊற்றச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் கியரை நியூட்ரலில் வைத்து, பிளக் மாட்டாமலே, கையால் மெதுவாகச் சுற்ற வேண்டும். எங்காவது இறுக்கமாக நின்றால் பலம் காட்டக் கூடாது. திருப்பி விட்டு, இன்னும் ஆயில் விட்டு, இன்னும் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும். சுற்றும்போது எட்டு வால்வும் ஏறி இறங்குகிறதா என்று மேலே ஒருவர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நான் அன்றைக்குச் செய்யத் தவறியது இது ஒன்றுதான்.

நன்றாகச் சுற்றியதும் பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 மினரல் ஆயில் ஊற்றுங்கள். சுமார் 4 லிட்டர் பிடிக்கும். கடைக்காரர் 'புது டைப் சிந்தெட்டிக், தண்ணி மாதிரி இருக்கும்' என்று விலை உயர்ந்ததை நீட்டுவார். தண்ணி மாதிரி இருப்பதுதான் பிரச்சினை. இந்த இன்ஜினின் இடைவெளிகளுக்குக் கெட்டியான ஆயில்தான் தேவை. பிறகு பிளக் இல்லாமலே செல்ஃபால் சுற்றி, ஆயில் பிரஷர் வருவதைப் பார்த்துவிட்டு, அதற்கு மேல்தான் பெட்ரோல், பொறி எல்லாம். முதலில் நீலப் புகை கிளம்பி ஷெட்டே மறையும். பயப்படாதீர்கள். நீங்கள் ஊற்றிய ஆயில்தான் எரிகிறது. கால் மணி, இருபது நிமிடத்தில் அடங்கிவிடும்.

சரி, இப்போது அந்த 'போர்' விஷயம், அதாவது சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்குவது.

ஆயில் கறையைக் காட்டி போர் போடச் சொன்னவர், ஒன்று இந்த இன்ஜினை அறியாதவர், இல்லை நன்றாக அறிந்தவர். அம்பாசடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின் இங்கிலாந்தின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வடிவமைத்தது. அதன் கிராங்க் ஷாஃப்டின் பின்முனையில், இன்றைய வண்டிகளில் இருப்பதுபோல் ரப்பர் ஆயில் சீல் கிடையாது. ஷாஃப்டிலேயே திருகு மரை மாதிரி வெட்டியிருப்பார்கள். ஷாஃப்ட் சுற்றும்போது அந்த மரை ஆயிலை உள்ளே தள்ளிவிடும். நின்றதும் தள்ள ஆள் இல்லை, சொட்டும். பிறந்த நாளிலிருந்தே அப்படித்தான். அடியில் ஒரு பழைய தட்டை வையுங்கள். ராத்திரிக்குள் தட்டு நிறைந்தால் எனக்கு எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு சொட்டு என்றால் அதன் குணம் அது. சிலிண்டரைப் போர் போடுவதற்கும் இந்தக் கசிவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அதைவிட, பதில் உங்கள் அப்பாவின் நோட்டிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பிய மூன்றாவது படத்தில், '2003, போர் 20 தௌ, புது பிஸ்டன் செட்' என்று எழுதியிருக்கிறார் (தௌ என்றால் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது ஒருமுறை சிலிண்டரைக் குடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டாகிவிட்டது. ஒவ்வொரு முறை குடையும்போதும் பிளாக்கின் ஆயுள் ஒரு படி குறையும். இன்னும் ஓரிரு முறைதான் குடையலாம், அப்புறம் உள்ளே ஸ்லீவ் (புதுக் குழாய்) அடிக்க வேண்டிவரும். காரணம் இல்லாமல் இப்போது போர் போடுவது, வங்கியில் இருக்கும் டெபாசிட்டை உடைத்து டீ குடிப்பது மாதிரி.

அடுத்த பக்கம் இன்னும் அருமை. '2011, ஹெட் இறக்கியது. எட்டு வால்வு, ஹார்டு சீட். ஈயமில்லாத பெட்ரோலுக்காக.' படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். இந்தியாவில் 2000 பிப்ரவரி 1 முதல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் வால்வு சீட்டின் (வால்வு மூடும்போது உட்காரும் இடத்தின்) தேய்மானத்தைத் தடுத்து வந்தது அந்த ஈயம்தான். அது போனதும் சீட் கொஞ்சம் கொஞ்சமாகக் குழிந்து, டேப்பெட் இடைவெளி (வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விடும் சந்து) குறைந்துகொண்டே போகும். தொழிலில் இருந்த எங்களிலேயே பாதிப் பேர் இதைக் கவனிக்கவில்லை. உங்கள் அப்பா கவனித்து, லேத்தில் கொடுத்துக் கடினமான சீட் போட்டிருக்கிறார். கி.மீ. கணக்கைக் கழித்துப் பார்த்தால், அதற்குப் பின் வண்டி ஓடியது 8,500 கிலோமீட்டர்தான். அந்த இன்ஜினைத் திறக்க வேண்டும் என்று யார் சொன்னாலும், முதலில் கம்ப்ரஷன் கேஜ் வைத்து நாலு சிலிண்டர் அளவையும் காகிதத்தில் எழுதித் தரச் சொல்லுங்கள். நாலும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருந்தால் பேச்சு முடிந்தது. ஒன்று மட்டும் குறைந்தால், அதில் ஒரு மூடி ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் பலவீனம், ஏறாவிட்டால் வால்வு. சில மாதம் ஓடிய பிறகு இன்னொருமுறை அளக்கும்வரை எந்த முடிவும் எடுக்க வேண்டாம். ஒட்டிக்கிடந்த ரிங்குகள் ஓட ஓட விடுபடுவதும் உண்டு.

இரண்டே முக்கால் லட்சத்தில் பெரும்பகுதியை இப்படிக் கழித்தாயிற்று. மிச்சம் எதற்கு? பிரேக்குக்கு. உங்களுக்கு மட்டுமல்ல, பழைய வண்டி கைக்கு வந்த எல்லோருக்கும் நான் சொல்வது இதுதான்: ஓடுவதைப் பற்றி யோசிக்கும் முன், நிற்பதைப் பற்றி யோசியுங்கள்.

நாலு டிரம்மையும் கழற்றச் சொல்லுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை இழுக்கும் சுபாவம் உள்ளது. நின்ற வண்டியில் அந்த ஈரம் வீல் சிலிண்டருக்குள் துருப் புள்ளிகளாக உட்கார்ந்துவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது, பெடல்கூட நன்றாகவே இருக்கும். ஓட்ட ஆரம்பித்துப் பத்து நாளில், துருவில் உரசி வாஷர் கிழிந்து, ஒரு காலையில் பெடல் தரைவரை போகும். அதனால் 'கிட் மாற்றினால் போதும்' என்று விடாதீர்கள். உள்சுவரை விரலால் தடவிப் பார்த்து, சொரசொரப்பு இருந்தால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கும் அதே விதி. ரப்பர் ஹோஸ்களை, பார்க்க நன்றாக இருந்தாலும், அத்தனையும் மாற்றிவிடுங்கள். பழைய ஹோஸ் உட்புறம் ஊதிப்போய், பெடலை விட்ட பிறகும் பிரஷரைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்ளும். ஒரு சக்கரம் மட்டும் சூடாகும், வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பாதி மெக்கானிக்குகள் அதற்கு அலைன்மென்ட் பார்ப்பார்கள். டிரம்முக்குள் இருக்கும் தூசியை மட்டும் காற்றடித்து ஊத விடாதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்தெடுத்துத் துணியைக் கட்டி எறிய வேண்டும்.

டயரையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் நாலு இலக்க எண் ஒன்று இருக்கும். '3212' என்றால் 2012-ஆம் வருடம் 32-ஆம் வாரம் செய்த டயர். பட்டன் தேயவில்லை என்று தம்பி சொல்வான். பத்து வருடம் தாண்டிய ரப்பருக்குப் பட்டன் கணக்கில்லை. ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் வண்டியிலேயே கிழடு.

எத்தனால் கேள்விக்கு வருகிறேன். பயப்படும் அளவுக்கு ஒன்றுமில்லை. அலட்சியமாகவும் இருக்கக் கூடாது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்தது. உங்கள் வண்டி செய்யப்பட்டபோது அப்படி ஒன்றை யாரும் நினைத்துக்கூடப் பார்க்கவில்லை. அது மூன்று வேலை செய்யும். முதலாவது, பழைய ரப்பரை இளக்கும். ஆகவே டேங்கிலிருந்து கார்புரேட்டர் வரையுள்ள பெட்ரோல் ஹோஸ், பம்ப்பின் டயாஃப்ரம் எல்லாம் எத்தனால் தாங்கும் ரகமாக மாற்றப்பட வேண்டும். மீட்டர் முப்பது ரூபாய் ஹோஸை இங்கே போடவே கூடாது; சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. இரண்டாவது, டேங்கின் உள்ளே நாற்பது வருடமாகப் படிந்த பிசினை எல்லாம் கரைத்துக் கொண்டுவரும். டேங்கை இறக்கிக் கழுவிவிட்டு, வழியில் ஒரு ஃபில்டர் போட்டு, முதல் ஐந்நூறு கிலோமீட்டருக்குள் அதை இரண்டு தடவை மாற்றுங்கள். மூன்றாவதை மெக்கானிக்குகளே அதிகம் யோசிப்பதில்லை. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால் கலவை கொஞ்சம் மெலிந்துபோகும். இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டி அதைத் தானே உணர்ந்து சரிசெய்துகொள்ளும், கார்புரேட்டருக்கு அந்த அறிவு கிடையாது. இழுவை குறைந்து, காலை விடும்போது பட்பட்டென்று வெடித்து, பிளக் வெளுத்துப்போய் இருந்தால், மெயின் ஜெட்டை (கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையை) ஒரு அளவு பெரிதாக மாற்றச் சொல்லுங்கள்.

இந்தப் பெட்ரோலைத் தேங்கவும் விடக் கூடாது. ஈரத்தை இழுத்து, ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து டேங்கின் அடியில் தனியாகப் பிரிந்துவிடும். வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓட்டிவிடுங்கள். ஷெட்டிலேயே ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் உறும விட்டு நிறுத்துவது பராமரிப்பு ஆகாது. இன்ஜின் முழுச் சூடு ஏறாமல், ஆயிலிலும் சைலன்ஸரிலும் தண்ணீர்தான் சேரும்.

கூலிங் பற்றிச் சுருக்கமாக. ரேடியேட்டரில் போர்வெல் தண்ணீர் ஊற்றாதீர்கள், உப்புப் படிந்து பிளாக் அடைபடும். கூலன்ட் கலந்த நல்ல தண்ணீர் ஊற்றுங்கள். 'நம்ம ஊர் வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு' என்று கழற்றி எறிவது நம் ஒர்க்‌ஷாப்புகளில் ஒரு வழக்கம். நானும் ஒரு காலத்தில் செய்தவன்தான். தவறு. இன்ஜின் தன் சூட்டுக்கு வராமலே ஓடினால் ஆயில் கசடாகும், பெட்ரோல் அதிகம் குடிக்கும், சிலிண்டர் சீக்கிரம் தேயும்.

ஒயரிங்குக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஐந்து வருடம் நின்ற வண்டியில் எலி குடித்தனம் நடத்தாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஏர் கிளீனரைத் திறந்தால் பஞ்சும் நெல் உமியும் கிடக்கலாம். இந்தக் காலத்து வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியே தேன்கூடு மாதிரி இருக்கும். பழைய அம்பாசடரில் இருப்பது இரண்டோ மூன்றோ ஃபியூஸ்தான். ஹெட்லைட் போன்ற பெரிய லைன்களுக்குப் பெரும்பாலும் ஃபியூஸே இருக்காது. எலி கடித்த ஒயர் பாடியில் பட்டால் தடுக்க எதுவும் இல்லை என்று அர்த்தம். ஹெட்லைட்டுக்கு ரிலேயும் தனி ஃபியூஸும் போடுங்கள். பேட்டரிக்கு ஒரு கட்-ஆஃப் சுவிட்ச் வைத்து, ஷெட்டில் விடும்போது அணைத்துவிடுங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் ஒரு கிலோ தீயணைப்பான் ஒன்றும் வேண்டும். இந்த மூன்றும் வண்டியின் பழமையைக் கெடுக்காது. எலக்ட்ரீஷியனிடம், பாயின்ட் (பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டுத் தரும் தொடுமுனை) இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ என்று சொல்லுங்கள். அந்தப் பெண்மணிக்கு விஷயம் தெரியும் என்று அடுத்த தடவை பில் கொஞ்சம் குறைவாக வரும்.

வண்டிக்கு அடியில் கிரீஸ் நிப்பிள்கள் இருக்கின்றன. முன் சக்கரங்களைத் தாங்குவது திருகு மரை உள்ள பின்களும் புஷ்களும். கிரீஸ் இல்லாமல் மரை தேய்ந்தால் ஒரு நாள் சக்கரம் மடங்கி உட்கார்ந்துவிடும். ரோட்டோரம் முன்சக்கரம் விரிந்து படுத்துக் கிடக்கும் அம்பாசடரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். பழைய கிரீஸ் வெளியே பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும், பையன் கிரீஸ் கன்னை வைத்து எடுத்தான் என்பதெல்லாம் கணக்கில் வராது. கூடவே நின்று பாருங்கள்.

பாடிக்கு இப்போது எதுவும் செய்யாதீர்கள், ஒன்றைத் தவிர. அம்பாசடருக்கு லாரி மாதிரி தனிச் சேஸிஸ் கிடையாது, பாடிதான் சேஸிஸ். அதனால் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பகுதி, கால் வைக்கும் தளம், டிக்கித் தளம் ஆகியவை இற்றுப்போயிருந்தால் அது அழகுப் பிரச்சினை இல்லை, உயிர்ப் பிரச்சினை. தரை விரிப்பைத் தூக்கிவிட்டு ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள். கணீர் என்றால் இரும்பு, பொத் என்றால் துரு. ஒரு சின்னக் காந்தத்தை வெளியே ஓட்டிப் பார்த்தால், ஒட்டாத இடமெல்லாம் பட்டி. இற்ற இடத்தை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். மேலே பட்டி பூசி மறைக்க விடாதீர்கள். பெயின்ட் அடுத்த வருடம். வண்டி ஒரு மழைக்காலம் ஓடட்டும், எங்கே தண்ணீர் ஒழுகுகிறது என்று அதுவே காட்டும். பெயின்ட் அடித்த பிறகு கண்டுபிடித்தால் இரண்டு செலவு.

என் கணக்குக்கு, பிரேக், பெட்ரோல் லைன், ஒயரிங், டயர், பேட்டரி, சில்லறை வேலைகள் எல்லாம் சேர்த்து எண்பதாயிரம், ஒரு லட்சத்துக்குள் வண்டி பத்திரமாக ஓடும் நிலைக்கு வந்துவிடும். தகடு மோசமாக இருந்தால் கூடும். உதிரிப் பாகங்களுக்குக் கவலைப்படாதீர்கள். உத்தர்பாரா தொழிற்சாலை 2014 மே மாதம் அம்பாசடரை நிறுத்திவிட்டாலும், அத்தனை வருடம் ஓடிய வண்டிக்குச் சாமான் இல்லாமல் போகாது. சென்னைப் புதுப்பேட்டையிலும் எங்கள் உக்கடத்திலும் பழைய சாமான் கிடைக்கும். அங்கே இல்லாதது கொல்கத்தா மல்லிக் பஜாரில் இருக்கும். பிரேக் சம்பந்தப்பட்டதை மட்டும் பழசாக வாங்கக் கூடாது.

இதில் ஒரு ரூபாய் இறக்கும் முன்பு ஆர்.சி.யைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியில் உள்ள சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் இன்ஜினை மாற்றிவிட்டு ஆர்.டி.ஓ.வில் பதியாமல் விட்டவர்கள் உண்டு. நோட்டைப் பார்த்தால் உங்கள் அப்பா அப்படிப்பட்டவராகத் தெரியவில்லை, இருந்தாலும் பாருங்கள். உரிமையாளர் இறந்தால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்து, மூன்று மாதத்துக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றம் கேட்க வேண்டும் என்பது விதி. உங்களுக்குத் தாமதமாகிவிட்டது, அபராதம் இருக்கும், கதவு மூடிவிடவில்லை. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, தம்பியும் மற்ற வாரிசுகளும் எழுதித் தரும் சம்மதக் கடிதம் வேண்டும். தம்பியின் கையெழுத்தை இப்போதே வாங்கிவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு கேட்டால் மனசு மாறும்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. 1984-இல் பதிவான வண்டிக்கு 15 வருடம், அதன்பின் ஐந்தைந்து வருடம் என்று கணக்குப் போட்டால், 2019-இல் புதுப்பித்தது 2024-இல் முடிந்திருக்கும். ஆர்.சி. காலாவதியான வண்டியை ரோட்டில் ஓட்டிக்கொண்டு ஆர்.டி.ஓ.வுக்குப் போகாதீர்கள், ஏற்றிக்கொண்டு போங்கள். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். அதற்கு மேல் பசுமை வரி, இன்சூரன்ஸ், புகைச் சான்று. பழைய வண்டிகளுக்கு டெல்லியில் இருக்கும் வயதுக் கட்டுப்பாடு தமிழ்நாட்டில் இல்லை, பரிசோதனையில் தேறினால் ஓட்டலாம். 50 வருடம் ஆனால் 'விண்டேஜ்' என்று தனிப் பதிவு உண்டு, உங்களுக்கு அது 2034-இல். தம்பியிடம் இதையும் சொல்லுங்கள்: பதிவை ரத்து செய்யாமல் காயலாங்கடையில் போட்டால், வண்டி உடைந்தாலும் அரசாங்கக் கணக்கில் அது உங்கள் அப்பா பெயரில் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஓட்டுவதற்கு ஒரு வார்த்தை. மாருதியில் பழகிய கால், பிரேக்கை விரல் நுனியால் தொட்டால் போதும் என்று நினைக்கும். இதில் மிதிக்க வேண்டும், முன்னால் போகிற வண்டிக்கு இரண்டு மடங்கு தூரம் விட வேண்டும். ஸ்டியரிங்கை வண்டி நிற்கும்போது திருப்பாதீர்கள், மெல்ல உருளும்போது திருப்பினால் கை வலிக்காது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்கும் கை கியர் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதல் மாதம் ஊரை விட்டு வெளியே போக வேண்டாம்.

அப்புறம் உங்கள் கடைசிக் கேள்வி. சிரிக்கவில்லை. உங்கள் அப்பா அமுக்கியது பெட்ரோல் பம்ப்பின் பக்கவாட்டில் இருக்கும் சின்ன நெம்புகோல். இன்ஜினோடு ஒட்டி, மேலே கிண்ணம் மாதிரி இருப்பதுதான் பம்ப். அதன் கீழ்ப்பக்கம் விரலால் தடவினால் கிடைக்கும். வண்டி நாலு நாள் நின்றால் கார்புரேட்டரில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். அப்படியே செல்ஃப் அடித்தால், பெட்ரோல் மேலே ஏறும்வரை பேட்டரி வெறுமனே உழைக்கும். அதற்குப் பதிலாகக் கையால் பெட்ரோலை ஏற்றிவிட்டால், சோக்கை இழுத்ததும் முதல் அடியிலேயே பிடித்துக்கொள்ளும். அவருக்கு இரண்டு தடவை போதுமாக இருந்திருக்கிறது. லைன் முழுக்கக் காலியாக இருக்கும் உங்களுக்கு முதல் நாள் இருபது முப்பது ஆகலாம். அமுக்கும்போது விரலுக்கு ஒரு எதிர்ப்புத் தெரியும். கார்புரேட்டர் நிறைந்ததும் அது லேசாகிவிடும், அங்கே நிறுத்துங்கள். தொடக்கத்திலேயே லேசாக, உயிரே இல்லாமல் இருந்தால் பம்ப் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். இன்ஜினின் கேம் அந்த நேரத்தில் பம்ப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். ஹேண்டிலால் இன்ஜினை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அமுக்கிப் பாருங்கள்.